‘நல்ல ரகம்’ என்று யார் முடிவு செய்கிறார்கள்?

அரிசிக் கடையிலோ வாட்ஸ்அப் குழுவிலோ நெல் ரகங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் போதும், இரண்டு கட்சி பிரிந்துவிடும். “விஞ்ஞானிகள் கொண்டுவந்த ரகமெல்லாம் உரக் கம்பெனிக்காரன் லாபத்துக்குத்தான்” என்பது ஒரு கட்சி. “எல்லாம் வயலில் சோதித்துப் பார்த்து வெளியிட்டது, இதில் அரசியல் எங்கே வந்தது?” என்பது மறு கட்சி. இரண்டு தரப்பும் ஆளுக்கொரு உண்மையைப் பிடித்துக்கொண்டிருப்பதால் வாக்குவாதம் முடிவதே இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், சண்டை போடுகிறவர்கள் கையில் வைத்திருக்கும் உதாரணங்களே பெரும்பாலும் தப்பு. “அந்தக் காலத்துப் பொன்னி” என்று உருகுகிறோம். பொன்னி நமக்கு மலேசியாவிலிருந்து வந்தது; அங்கே அதன் பெயர் மஷூரி. தைவானில் உருவாக்கிய தைச்சுங் 65 என்ற ஜப்பானிய வகை நெல்லையும் மலேசியாவின் மாயாங் எபோஸ் என்ற நெல்லையும் கலந்து, ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் திட்டம் ஒன்றில் பிறந்த ரகம் அது. அதாவது, முழுக்க முழுக்க விஞ்ஞானி கைபட்ட நெல். மறுபக்கம், 1966-இல் பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சி நிலையம் ஒன்று வெளியிட்ட ஐ.ஆர். 8 என்ற குட்டை நெல்லை ‘ஹைப்ரிட்’ என்று திட்டுகிறார்கள். அது ஹைப்ரிடே இல்லை.

வேண்டிய குணங்கள் உள்ள செடிகளைத் தேர்ந்து, கலந்து, புது ரகம் உருவாக்கும் அறிவியலுக்குப் பயிர் இனப்பெருக்கவியல் என்று பெயர். அதில் சமூகம் எந்த இடத்தில் நுழைகிறது, வயலில் கிடைக்கும் சான்று எந்த இடத்தில் நுழைகிறது என்பதைப் பிரித்துப் பார்த்தால் மேலே சொன்ன சண்டையில் பாதி காணாமல் போய்விடும்.

முதலில் பெயர்க் குழப்பம்

நாட்டு ரகம் என்பது விவசாயிகளே தலைமுறை தலைமுறையாக விதை எடுத்து வைத்துக் காப்பாற்றி வந்தது. மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் எல்லாம் இந்தக் கணக்கு. உற்றுப் பார்த்தால் ஒரே வயலுக்குள்ளேயே செடிக்குச் செடி சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும்.

மேம்படுத்திய ரகம் என்பது இரண்டு பெற்றோரைக் கலந்து, பல தலைமுறை தேர்ந்தெடுத்து, குணம் நிலைபெற்ற பிறகு வெளியிடுவது. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். அதனால் இப்படிப்பட்ட ரகத்தின் விதையை விவசாயி அடுத்த போகத்துக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம். பொன்னியும் ஐ.ஆர். 8-ம் இந்த வகைதான்.

வீரிய ஒட்டு, அதாவது ஹைப்ரிட், வேறு. இரண்டு பெற்றோரைக் கலந்த முதல் தலைமுறை விதையையே விற்பது அது. அந்தப் பயிரில் எடுத்த விதையை மறுபடி விதைத்தால் குணங்கள் சிதறிப்போகும்; ஆகவே ஒவ்வொரு முறையும் கடைக்குப் போக வேண்டும். மரபணு மாற்றுப் பயிர் இதிலிருந்தும் வேறு. ஆய்வகத்தில் வேறோர் உயிரின் மரபணுவைச் செடிக்குள் சேர்ப்பது அது. இந்தியாவில் வணிக அளவில் விவசாயிகள் வயலில் இருப்பது 2002-இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி மட்டுமே.

இந்தக் கட்டுரை பெரும்பாலும் இரண்டாவது வகையைப் பற்றியது. நாம் அன்றாடம் சாப்பிடும் அரிசியில் பெரும்பகுதி அந்த வகைதான்.

ஒரு ரகம் பிறக்கும் விதம்

நெல் பூவைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் குறைவு. உமியாக மாறப்போகும் அந்தச் சின்னக் கூட்டுக்குள் ஆறு மகரந்தப் பைகள் இருக்கும். தாயாக வைத்துக்கொள்ளும் செடியில், பூ விரியுமுன், பெரும்பாலும் மாலை நேரத்தில், கூட்டின் நுனியைக் கத்தரியால் வெட்டி, அந்த ஆறு பைகளையும் இடுக்கியால் எடுத்துவிடுவார்கள். பிறகு கதிருக்கு ஒரு பட்டர் பேப்பர் பை மாட்டிவிடுவார்கள். மறுநாள் காலை வெயில் ஏறி, தந்தைச் செடியின் பூக்கள் விரியும் நேரத்தில் அந்தக் கதிரைக் கொண்டுவந்து இதன் மேல் உதறுவார்கள். நாலு வாரத்தில் சில விதைகள் கிடைக்கும். கலப்பு என்பது இவ்வளவுதான். எல்லாம் கைவேலை.

கலந்ததுமே ரகம் கிடைத்துவிடாது. முதல் தலைமுறைச் செடிகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். அவற்றின் விதையை விதைத்தால் வரும் இரண்டாம் தலைமுறையில்தான் பெற்றோரின் குணங்கள் பிரிந்து, விதவிதமான சேர்க்கைகளாக வெளிவரும். அங்கிருந்து வேண்டியதை வைத்து, வேண்டாததைத் தள்ளி, ஆறேழு தலைமுறை கொண்டுபோனால் குணம் நிலைபெறும்.

ஐ.ஆர். 8-ஐயே எடுத்துக்கொள்வோம். 1960-இல் ஃபோர்டு, ராக்ஃபெல்லர் அறக்கட்டளைகளின் பணத்தில் பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. 1962-இல் அங்கே பீட்டர் ஜென்னிங்ஸ் 38 கலப்புகள் செய்தார். எட்டாவது கலப்பில் தாய் பீட்டா என்ற இந்தோனேசிய நெல். ஆள் உயரத்துக்கு வளர்வது. தந்தை டீ-ஜியோ-வூ-ஜென் என்ற தைவான் குட்டை நெல். முதல் தலைமுறை அத்தனையும் உயரம். இரண்டாம் தலைமுறையில் நாலில் ஒரு பங்கு குட்டை. மெண்டல் பட்டாணியில் கண்ட அதே மூன்றுக்கு ஒன்று கணக்கு. குட்டைத்தன்மையை ஒற்றை மரபணுவே நடத்துகிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் வேண்டியதில்லை. உயரமானவற்றைத் தள்ளினார்கள். குட்டையானவற்றில் மேலும் தேர்ந்துகொண்டே போனதில், 288-ஆவது வரிசையின் மூன்றாவது செடி ஹென்றி பீச்சலின் கண்ணில் பட்டது. ஐ.ஆர். 8-288-3 என்று அதற்குக் குறியீடு வைத்தார்கள். 1966 நவம்பரில் அது ஐ.ஆர். 8 என்று வெளிவந்தது.

கண்ணால் பார்த்தால் போதாதா?

நல்ல செடி எது என்று பார்த்தாலே தெரிந்துவிடாதா, இதற்கு எதற்கு இத்தனை ஆண்டு? இந்தக் கேள்விக்கு டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோஹான்சன் 1903-இல் பதில் சொல்லிவிட்டார். அவர் கலவையான பீன்ஸ் விதையில் பெரிதையும் சிறிதையும் பிரித்து விதைத்தார். பெரிய விதையின் பிள்ளைகள் சராசரியில் பெரிதாகவே இருந்தன. இதுவரை எல்லாரும் எதிர்பார்ப்பதுதான். அடுத்து, ஒரே செடியிலிருந்து தன் மகரந்தத்தாலேயே வந்த ஒரு வம்சத்துக்குள் இதையே செய்து பார்த்தார். அங்கே பெரிய விதைக்கும் சிறிய விதைக்கும் பிறந்த பிள்ளைகளின் சராசரி எடை ஒன்றுதான்! அந்த வம்சத்துக்குள் இருந்த அளவு வித்தியாசம் தண்ணீராலும் வெயிலாலும் மண்ணாலும் வந்தது. அது பிள்ளைக்குப் போகாது.

கண்ணுக்குத் தெரியும் வித்தியாசத்தில் எவ்வளவு பங்கு பிறப்பால் வந்தது என்பதே ரகம் உருவாக்குகிறவரின் தலைவலி. அந்தப் பங்கை மரபுப் பங்கு என்று வைத்துக்கொள்வோம். மரபுப் பங்கு அதிகமாக இருக்கும் இடத்தில் தேர்வு எளிது. குறைவாக இருக்கும் இடத்தில் கண் நம்மை ஏமாற்றும். இந்தச் சொல் பின்னால் மறுபடி வரும், நினைவில் இருக்கட்டும்.

வயலில் ஏமாற ஆயிரம் வழி உண்டு. வாய்க்காலை ஒட்டிய பாத்தி முதல் தண்ணீர் குடித்திருக்கும். வரப்போரச் செடிக்கு வெயிலும் காற்றும் கூடுதல். போன வருஷம் ஆட்டுக்கிடை போட்ட மூலை தனியாகத் தழைத்து நிற்கும். புது ரகம் அந்த மூலையில் விழுந்துவிட்டால், ஜெயித்தது ரகமா, ஆட்டுப்புழுக்கையா? 1919-இல் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த ரொனால்டு ஃபிஷர் இதற்கு ஒரு ஒழுங்கு கொண்டுவந்தார். ஒவ்வொரு ரகத்தையும் பல பாத்திகளில் போட வேண்டும். எந்தப் பாத்தி எந்த ரகத்துக்கு என்பதைக் குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்க வேண்டும். பக்கத்திலேயே ஏற்கெனவே நடப்பில் உள்ள ரகத்தையும் ஒப்பீட்டுக்கு வைக்க வேண்டும். இன்றும் சோதனைத் திடல்களில் ஓர வரிசையை ஒதுக்கிவிட்டு நடுவில் உள்ளதை மட்டும் அறுத்து, ஈரப்பதத்துக்குச் சரிக்கட்டி எடை போடுகிறார்கள்.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: கலப்பு புதுச் சேர்க்கைகளைத் தருகிறது. தேர்வு அவற்றில் சிலவற்றை வைத்துக்கொள்கிறது. சோதனைத் திடல், ஜெயித்தது பிறப்பாலா மண்ணாலா என்று பிரித்துக் காட்டுகிறது. இந்த மூன்றிலும் சமூகம் இன்னும் கண்ணில் படவில்லை. ஆனால் அது முதலிலேயே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

கேள்வியை எழுதுவது யார்?

ஜென்னிங்ஸ் ஏன் குட்டை நெல்லைத் தேடினார்? அன்றைய உயரமான ரகங்களுக்கு யூரியா போட்டால் தழைத்து, தலை கனத்து, சாய்ந்துவிடும். சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்து முளைக்கும். உரத்தைத் தாங்கி நிமிர்ந்து நிற்கும் பயிர் வேண்டுமென்றால் குட்டையாக இருக்க வேண்டும். இது செடியின் கணக்கு. ஆனால் உரம் போட்டு எக்டேருக்கு எவ்வளவு எடுக்க முடியும் என்பதையே முதல் கேள்வியாக வைத்தது 1960-களின் ஆசியா. ஜனத்தொகை ஏறுகிறது, அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடுகள் நிற்கின்றன, பசித்த நாட்டில் கம்யூனிசம் வளரும் என்று வாஷிங்டன் பயப்படுகிறது. 1966 அக்டோபரில் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனே லாஸ் பான்யோஸ் வயலுக்கு வந்து போனார். ஒரு நெல் நாற்றைப் பார்க்க அதிபர் வருகிறார் என்றால் அது வெறும் நெல் நாற்றாக இருக்க முடியாது.

கேள்வி அரசியலில் பிறந்தது என்பதற்காகப் பதில் பொய்யாகிவிடாது. நல்ல உரமும் தண்ணீரும் கொடுத்தால் ஐ.ஆர். 8 எக்டேருக்கு 9 டன்னுக்கு மேல் கொடுத்தது உண்மை. அந்த விளைச்சலில் மயங்கி, தமிழ்நாட்டில் ஒரு விவசாயி தன் பிள்ளைக்கே ஐ.ஆர். எட்டு என்று பெயர் வைத்ததும் உண்மை. அதேபோல, கேட்காத கேள்விகளுக்குப் பதில் வரவில்லை என்பதும் உண்மை. அரிசி மோட்டா, நடுவில் சுண்ணாம்புபோல வெள்ளை, ஆலையில் உடையும், சோறு ஆறினால் விறைக்கும். நோய்களுக்கும் எளிதில் ஆட்பட்டது. பிறகுதான் கேள்வித்தாளில் நோய் எதிர்ப்பும் சோற்றின் பதமும் சேர்ந்தன. 1976-இல் ஐ.ஆர். 36-ம், 1985-இல் ஐ.ஆர். 64-ம் வந்தது அந்த வழியில்.

கலிஃபோர்னியாவின் தக்காளிக் கதை இன்னும் பச்சையானது. டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஜாக் ஹன்னா என்பவர் இயந்திரம் பறித்தாலும் நசுங்காத தக்காளியை உருவாக்க 1940-களிலேயே இறங்கினார். தடித்த தோல், ஒரே சமயத்தில் பழுக்கும் குணம், உலுக்கினால் காம்பை விட்டு விழும் தன்மை ஆகியவை அவர் தேடியவை. பொறியாளர்கள் மறுபக்கம் இயந்திரத்தைச் செய்தார்கள். மெக்சிகோ கூலித் தொழிலாளர்களை அழைத்துவரும் அரசுத் திட்டம் 1964-இல் நின்றதும், சில ஆண்டுகளில் பதப்படுத்தும் தக்காளி முழுக்க இயந்திரத்துக்கு மாறிவிட்டது. அப்புறம்? இயந்திரம் வாங்க வசதியுள்ளவர்கள் மிஞ்சினார்கள். 1960-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 4,000 ஆக இருந்த தக்காளி விவசாயிகள் 1973-இல் சுமார் 600 ஆகச் சுருங்கினார்கள். பொதுப்பணத்தில் நடந்த ஆராய்ச்சி யாருக்கு உதவியது என்று கேட்டு 1979-இல் பல்கலைக்கழகத்தின் மீது வழக்கே போட்டார்கள். அந்தத் தக்காளி இயந்திரத்தைத் தாங்குமா என்ற சோதனையில் ஒரு குறையும் இல்லை. தாங்கத்தான் செய்தது.

பதிலையும் அதிகாரமே எழுதினால்

சமூகம் உள்ளே வருவதே குற்றம் என்று நினைப்பவர்கள் உடனே காட்டும் உதாரணம் சோவியத் ரஷ்யாவின் வேளாண் விஞ்ஞானி லைசென்கோ. காட்ட வேண்டிய உதாரணம்தான், ஆனால் பாடம் கொஞ்சம் வேறு.

1930-களின் தொடக்கத்தில் அங்கே நிலங்களைக் கட்டாயமாகக் கூட்டுப்பண்ணை ஆக்கியதில் விளைச்சல் சரிந்து, பெரும்பஞ்சம் வந்தது. ஒரு ரகம் உருவாக்கப் பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஆகும் என்றார்கள் மரபியலாளர்கள். அவர்களில் முதன்மையானவர் நிகோலாய் வவிலோவ். பல கண்டங்கள் சுற்றி விதைகளைச் சேகரித்து, லெனின்கிராடில் உலகின் மிகப் பெரிய விதைத் தொகுப்புகளில் ஒன்றை உருவாக்கியவர். இரண்டரை ஆண்டில் தருகிறேன் என்றார் த்ரோஃபிம் லைசென்கோ. ஊறவைத்துக் குளிரில் வைத்த விதை அதிகம் விளையும் என்றும், பழக்கிய குணம் பிள்ளைக்கும் போகும் என்றும் சொன்னார். குளிர்காலக் கோதுமை குளிர் பட்டால்தான் பூக்கும் என்பது நிஜம். அதிலிருந்து அவர் கட்டிய மாளிகைதான் பொய்.

அவர் காட்டிய சான்று எப்படிப்பட்டது என்பதைக் கவனியுங்கள். கூட்டுப்பண்ணைகளுக்கு வினாத்தாள் அனுப்புவார். “உங்கள் விளைச்சல் எவ்வளவு கூடியது?” பக்கத்தில் ஒப்பீட்டுப் பாத்தி கிடையாது, குலுக்கல் கிடையாது. கூடவில்லை என்று எழுதும் பண்ணை அதிகாரிக்கு என்ன நேரும் என்பது அந்த நாட்டில் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் ‘கூடியது’ என்று எழுதினார்கள். மறுத்துப் பேசிய வவிலோவை 1940-இல் கைது செய்தார்கள். 1943 ஜனவரியில் சரத்தோவ் சிறையில் இறந்தார். 1948-இல் மரபியலே தடைசெய்யப்பட்டது. 1960-களின் நடுவில்தான் அது மீண்டது.

சமூகம் லாஸ் பான்யோஸிலும் உள்ளே வந்தது, மாஸ்கோவிலும் வந்தது. ஒரு இடத்தில் கேள்வியோடு நின்றுகொண்டது. மற்ற இடத்தில் விடைத்தாளையும் திருத்தியது. என்ன வேண்டும் என்று மக்களோ அரசோ சொல்வது தவிர்க்க முடியாதது. ஆனால் அது கிடைத்ததா இல்லையா என்று தராசு மட்டுமே சொல்ல வேண்டும்.

சான்று சரி, இடம்தான் தப்பு

அப்படியானால் நேர்மையாகச் சோதித்துவிட்டால் பிரச்சினை இல்லையா? இருக்கிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் சுவையாகப் படுவது இந்த இடம்தான். பெரும்பாலான விவாதங்கள் இதைத் தொடுவதே இல்லை.

சென்னை சேப்பாக்கத்தில் எடுத்த ரன்களை மட்டும் பார்த்து இங்கிலாந்துப் பயணத்துக்கு அணியைத் தேர்ந்தால் என்ன ஆகும்? அந்த ரன் ஒவ்வொன்றும் நிஜம். ஸ்கோர் எழுதியவர் பொய் எழுதவில்லை. ஆனாலும் பந்து காற்றில் வளையும் ஊரில் பட்டியல் தலைகீழாகலாம்.

பயிரிலும் இதுதான். ஒரு சூழலில் முதலாக வரும் ரகம் இன்னொரு சூழலில் கடைசியாக வரலாம். மரபும் சூழலும் சேர்ந்து ஆடும் இந்த ஆட்டத்தை மரபு-சூழல் இடைவினை என்கிறார்கள். இதைத் தெளிவாகக் காட்டியது சிரியாவின் பார்லி.

அலெப்போவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தெற்கே டெல் ஹத்யாவில், வறண்ட நில வேளாண்மைக்கான சர்வதேச மையமான இக்கார்டா தன் ஆய்வுப் பண்ணையை வைத்திருந்தது. பண்ணையில் மண் நல்ல மண். உரமும் சரியாகப் போடுவார்கள். அங்கே ஜெயித்த பார்லி ரகங்களை வறண்ட கிராமங்களுக்குக் கொண்டுபோனால் விவசாயிகள் வாங்கவில்லை. ஆண்டுக்கு 200, 250 மில்லிமீட்டர் மழை பெய்தாலே அதிர்ஷ்டம் என்ற ஊர்கள் அவை. விவசாயிகள் தங்கள் நாட்டு ரகங்களையே விதைத்தார்கள்: கொஞ்சம் மழையுள்ள பக்கம் வெள்ளை மணி அரபி அபியத், வறண்ட பக்கம் கறுப்பு மணி அரபி அஸ்வத். ‘பழமை விரும்பிகள், படிப்பில்லாதவர்கள்’ என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. இக்கார்டாவின் சல்வத்தோரே செக்கரெல்லியும் ஸ்தெஃபானியா கிராண்டோவும் அப்படிப் போகாமல் வறண்ட வயலிலேயே சோதனையை வைத்துப் பார்த்தார்கள்.

மழை நன்றாக இருந்தால் புது ரகம் முன்னால் நின்றது. வறட்சி கூடக்கூட இரண்டுக்கும் இடையிலான தூரம் குறைந்து, ஒரு கட்டத்துக்குக் கீழே நாட்டு ரகம் முந்திக்கொண்டது. காரணம் செடியின் வாழ்க்கை முறையில் இருக்கிறது. வசதியான வயலில் ஜெயிக்கும் செடி மெதுவாக முதிர்ந்து, கிடைக்கும் தண்ணீரையும் உரத்தையும் முழுதாகப் பயன்படுத்தி, நிறையத் தானியம் பிடிக்கும். வறண்ட ஊரில் மணி பால் பிடிக்கும் முன்பே மழை நின்று மண் காய்ந்துவிடும். அங்கே சீக்கிரம் கதிர் விட்டு, கிடைத்ததை வைத்து முடித்துக்கொள்ளும் செடிதான் பிழைக்கும். ஒரே செடி இரண்டையும் செய்வது கஷ்டம்.

இது விளைச்சல் மட்டும். விவசாயிகளிடம் உட்கார்ந்து பேசியபோது வேறொன்றும் வெளியே வந்தது. பண்ணையில் குட்டையாக, தண்டு விறைப்பாக இருந்தால் நல்ல மதிப்பெண். உரம் போட்ட வயலில் சாயாதல்லவா? கிராமத்தில் அதே குணம் குறை. வறண்ட ஆண்டில் பார்லி வளர்வதே ஒரு சாண்தான். அதற்கும் குட்டையான ரகம் என்றால் அறுவடை இயந்திரத்தின் கத்திக்கு எட்டாது. ஆள் வைத்துக் கையால் பிடுங்க வேண்டும், கூலி கட்டாது. அப்புறம், பார்லி அங்கே முக்கியமாக ஆட்டுக்கு. தானியம் போலவே வைக்கோலும் காசு. விறைப்பான தண்டை ஆடு தொடுவதில்லை; மெத்தென்ற தண்டுதான் வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் அறுவடையே கிடையாது, வயலில் ஆட்டை விட்டு மேய்த்துவிடுவார்கள். சோதனைத் திடலின் படிவத்தில் எக்டேருக்கு எத்தனை கிலோ தானியம் என்ற கட்டம் இருந்தது. ஆடு தின்றதா என்ற கட்டம் இல்லை.

விஞ்ஞானிகள் ஏன் முதலிலேயே வறண்ட வயலில் தேர்வு செய்யவில்லை? சோம்பேறித்தனம் என்று எண்ண வேண்டாம். இங்கேதான் மரபுப் பங்கு மறுபடி வருகிறது. வறண்ட நிலத்தில் கல்லும் பள்ளமும் மேடுமாக ஒவ்வொரு முழத்துக்கும் ஈரம் மாறும். அங்கே பாத்திக்குப் பாத்தி தெரியும் வித்தியாசத்தில் மண்ணின் பங்கு அதிகம், பிறப்பின் பங்கு குறைவு. எது உண்மையில் நல்ல செடி என்று பிரித்தறிவது கஷ்டம். சமமான, வளமான பண்ணை வயலில் படம் தெளிவாகத் தெரியும். ஆகவே அங்கே தேர்வு செய்வதே நல்ல அறிவியல் என்று பாடம் நடத்தினார்கள். தெளிவான சான்று கிடைக்கும் இடமும், சான்று தேவைப்படும் இடமும் ஒன்றல்ல என்றால் எதை விட்டுக்கொடுப்பது? செக்கரெல்லி தேவைப்படும் இடத்தைப் பிடித்துக்கொண்டு, தெளிவின்மையைச் சமாளிக்க அதிகப் பாத்திகளும் நல்ல கணக்கும் சேர்த்துக்கொண்டார். அரபி அஸ்வத்திலிருந்தே ஒரு வம்சத்தைப் பிரித்தெடுத்து, தட்மோர் என்ற பெயரில் ஒரு ரகமும் அங்கே வந்தது.

இந்தப் பகுதியைச் சுருக்கினால்: சான்று பொய்யில்லாமலும் தவறான வழி காட்டலாம். அது எந்த மண்ணில் எடுத்தது, எதை அளந்தது என்ற இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அதன் அர்த்தம் முழுமையாகும்.

விவசாயியை எப்போது கூப்பிடுவது?

வழக்கமாக விவசாயி கடைசியில்தான் வருவார். பத்தாண்டு வேலை முடிந்து, ரகம் வெளியாகி, செயல்விளக்கத் திடலில் நிற்கும்போது பார்த்துத் தலையாட்ட. சிரியாவில் 1990-களில் இதை மாற்றினார்கள். இன்னும் ரகமாகாத வம்சங்களை விவசாயிகளின் வயலிலேயே விதைத்து, விஞ்ஞானியும் விவசாயியும் தனித்தனியே மதிப்பெண் போட்டார்கள். பிறகு அறுத்து எடை போட்டுப் பார்த்ததில், தங்கள் வயலில் எது அதிகம் விளையும் என்று கண்டுபிடிப்பதில் விவசாயிகள் விஞ்ஞானிக்குச் சளைக்கவில்லை. இது ‘மக்கள் அறிவு’ என்று கும்பிட்டுவிட்டுப் போகும் விஷயமாக நின்றுவிடவில்லை; எடைபோட்டுச் சரிபார்த்த முடிவு.

நம் நாட்டிலும் இதே காலத்தில் ஒன்று நடந்தது. ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேச எல்லைகள் கூடும் மேட்டு நிலங்களில் பில் பழங்குடி மக்கள் மழையை நம்பி நெல் போடுகிறார்கள். வேறு மாநிலங்களுக்கென்று வெளியிட்ட ரகங்களையும் சேர்த்து, சிறு பைகளில் விதை கொடுத்து, உங்கள் ரகத்துக்குப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள் என்றார்கள் ஆராய்ச்சியாளர்கள். விவசாயிகள் பிடித்துக்கொண்டது கலிங்கா 3. ஒடிசாவில் வெளியான ரகம். இந்தப் பகுதிக்கு அதைப் பரிந்துரைத்தவர் யாருமில்லை. சீக்கிரம் முதிரும், அரிசி சன்னம். ஆனால் சாயும். அந்தக் குறையைத் தீர்க்க அதையே தாயாக்கி ஐ.ஆர். 64-உடன் கலந்து, விவசாயிகளின் தேவையை முன்வைத்துத் தேர்ந்ததில் அசோகா 200எஃப், அசோகா 228 என்ற ரகங்கள் ராஞ்சியின் பிர்சா வேளாண் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஜார்க்கண்டில் வெளியாயின.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, “புது ரகம் 20 சதவீதம் கூடுதல் மகசூல்” என்ற செய்தியைப் படித்தால் சும்மா இருக்க முடியாது. எந்த ரகத்தைவிடக் கூடுதல்? எந்த ஊர் மண்ணில், எவ்வளவு உரத்தில், எத்தனை போகத்தில்? வைக்கோலை யாராவது எடை போட்டார்களா? இதே கேள்விகளை நாட்டு ரகத்துக்கும் கேட்க வேண்டும். “எங்கள் தாத்தா போட்டார், பிரமாதமாக விளைந்தது” என்பதில் ஒப்பீட்டுப் பாத்தி இல்லை; அந்தக் குறை லைசென்கோவின் வினாத்தாளிலும் இருந்ததுதான்.

விவசாயியைக் கேட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் சொல்ல மாட்டேன். சிரியாவில் குட்டைப் பார்லியைக் குனிந்து பிடுங்கும் வேலையில் பெரும்பாலும் இருப்பவர்கள் பெண்கள். வயலில் மதிப்பெண் போட வாருங்கள் என்று ஊருக்குச் சொல்லி அனுப்பினால் முதலில் வந்து நிற்பது நிலத்துக்குச் சொந்தக்கார ஆண்கள். நம் ஊரில் நடவும் களையும் பெண்கள் கையில், விதை வாங்குவது ஆண் கையில். அரிசி உடைகிறதா என்று ஆலைக்காரரைக் கேட்டால் ஒரு பட்டியல் வரும், இட்லிக்கு ஊறப்போடுகிறவரைக் கேட்டால் இன்னொரு பட்டியல் வரும், குத்தகைதாரரையும் கூலிக்காரரையும் தனித்தனியே கேட்டால் வேறு இரண்டு வரும். இத்தனை பட்டியலில் எதைச் சோதனைத் திடலின் படிவத்தில் ஏற்றுவது என்பதை எந்தப் பாத்தியும் எடைபோட்டுச் சொல்லாது. அதைப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது; ஒவ்வொரு புது ரகத்துக்கும் முதல் கலப்பைச் செய்வதற்கு முன்னால்.